மலையில் துணி காயாது, டயப்பரும் கட்டுப்படியாகாது! நீலகிரி அம்மாக்கள் என்ன செய்யலாம்?

ஜூலை மாதம். கூடலூர், பந்தலூர் பக்கம் மழை விட்டபாடில்லை. வீட்டுக்குள் ஒரு கொடி, சமையலறையில் ஒரு கொடி, கட்டில் விளிம்பில், நாற்காலி முதுகில் என்று எங்கு பார்த்தாலும் குழந்தையின் துணிகள். நேற்று காலையில் துவைத்தது இன்று மாலையிலும் சில்லென்றுதான் இருக்கிறது. முகர்ந்து பார்த்தால் லேசான பூஞ்சை வாடை. இதற்குள் குழந்தை இன்னும் நாலு துணியை நனைத்துவிட்டது. வேறு வழியில்லாமல் முக்குக் கடைக்கு ஆள் போகிறது, டயப்பர் பாக்கெட் வாங்க.

சமவெளியில் இருக்கும் பாட்டிகள், "நாங்கள் எல்லாம் டயப்பரா போட்டு வளர்த்தோம்?" என்று சுலபமாகக் கேட்டுவிடுவார்கள். மதுரையில் மொட்டை மாடியில் போட்ட துணி ஒரு மணி நேரத்தில் மொறுமொறுவென்று காய்ந்துவிடும். ஊட்டியிலும் குன்னூரிலும் அந்தக் கணக்கு செல்லாது.

செலவுக் கணக்கையும் பார்த்துவிடுவோம். ஒரு டயப்பர் 10 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கைக்குழந்தைக்கு நாளுக்கு 8 என்றால் 80 ரூபாய். மாதத்துக்கு 2,400 ரூபாய். பச்சைத் தேயிலை கிலோ 20 ரூபாய்க்குப் போகிறது என்றால், 120 கிலோ கொழுந்து பறித்துப் போட்டால்தான் அந்த மாத டயப்பருக்குச் சரியாக வரும். இந்தத் தொகையைக் கேட்டதும்தான் பலரும் வீட்டு வைத்தியத்தையும் வீட்டுத் துணியையும் தேட ஆரம்பிக்கிறார்கள். தேடுவது நல்லதுதான். ஆனால், பாட்டி சொன்னது எல்லாம் குழந்தைக்கு ஆகாது. சில வீட்டு மருந்துகள் ஆளையே ஆபத்தில் தள்ளிவிடும். அதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

பழைய சேலைக்கு ஒரு கணக்கு

குழந்தையின் இடுப்புத் துணிக்குப் பல முறை துவைத்து மெத்தென்று ஆன பருத்திச் சேலையையும் வேட்டியையும் விட நல்ல துணி கிடையாது. 5.5 மீட்டர் சேலையை அரை மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக, 55 சென்டிமீட்டர் அளவில் குறுக்கே வெட்டினால் 10 துண்டு கிடைக்கும். அதை இரண்டாக மடித்தால் சதுரமான இரட்டைத் துணி. ஓரம் மட்டும் தைத்துக்கொண்டால் நூல் பிரிந்து குழந்தையின் விரலிலோ வேறெங்கோ சுற்றாது. ஜரிகைக் கரையை மறக்காமல் வெட்டி எடுத்துவிடுங்கள். பாலியஸ்டர் கலந்த சேலை வேண்டாம்; அது ஈரத்தை உறிஞ்சாது, தோலை வேக வைக்கும்.

எத்தனை துணி வேண்டும்? பிறந்த சில வாரங்களுக்கு நாளுக்கு 10, 12 துணி நனைவது சாதாரணம். மழைக்காலத்தில் ஒரு துணி காய மூன்று நாள் ஆகும் என்றால் 36 துணி இருந்தால்தான் தட்டுப்பாடு வராது. நாலு பழைய சேலையில் வேலை முடிந்துவிடும்.

இந்த இடத்தில் நீலகிரியின் வானிலையையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். ஒரே மாவட்டம் என்றாலும் மழை எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் பெய்வதில்லை. கூடலூர், பந்தலூர் பகுதிகளைத் தென்மேற்குப் பருவமழை ஜூன் முதல் செப்டம்பர் வரை ஊற வைக்கும். குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைதான் பலமாக இருக்கும். ஊட்டிக்கு இரண்டிலும் பங்கு உண்டு. டிசம்பர், ஜனவரியில் உறைபனி தனி. எனவே பிரசவ மாதம் எது, வீடு எந்தச் சரிவில் இருக்கிறது என்று பார்த்துத் துணியின் எண்ணிக்கையைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். மார்ச்சில் பிறக்கும் குழந்தைக்கு 20 துணி தாராளம்.

துவைப்பதில் ரகசியம் ஒன்றும் இல்லை. மலம் பட்ட துணியை உடனே அலசி, தனி வாளியில் போட வேண்டும். சோப்பு குறைவாக, அலசும் தண்ணீர் அதிகமாக இருக்கட்டும். துணியில் தங்கும் சோப்புதான் பாதிக் குழந்தைகளின் தடிப்புக்குக் காரணமோ என்று சந்தேகப்படும் அளவுக்கு இது முக்கியம். வாசனைக்காகக் கடைசியில் ஊற்றும் துணி கண்டிஷனர் குழந்தைத் துணிக்கு வேண்டவே வேண்டாம். துணியின் மேல் ஒரு பூச்சு போலப் படிந்து, ஈரம் உறிஞ்சும் தன்மையைக் குறைத்துவிடும்.

வெந்நீரில் போட்டுக் கொதிக்க வைக்கும் வழக்கம் உள்ளவர்களுக்கு ஒரு செய்தி. சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் தண்ணீர் 100 டிகிரியில் அல்ல, ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அங்கே பருப்பு வேகத் தாமதமாவதும் இதனால்தான். கிருமி சாக அந்தச் சூடு போதும், ஆனால் கொதி வந்ததும் இறக்காமல் பத்து நிமிடம் விட்டுவிடுங்கள்.

காயவைப்பதில்தான் சங்கடம். நன்றாகப் பிழிந்து, உலர்ந்த துண்டில் சுருட்டி மிதித்தால் பாதி ஈரம் துண்டுக்குப் போய்விடும். பிறகு காற்றோட்டமுள்ள இடத்தில், துணிக்குத் துணி இடைவெளி விட்டுக் கொடியில் போட வேண்டும். ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டால் மூன்று நாள் ஐந்து நாளாகும். முக்கால் பங்கு காய்ந்த துணியை இரண்டு பக்கமும் சூடாக இஸ்திரி போட்டால் மிச்ச ஈரமும் போகும், பூஞ்சையும் போகும்.

ஒன்றை மட்டும் செய்யவே கூடாது. கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு, அறைக்குள் கரி நெருப்பை வைத்து அதன் மேல் துணி காய வைப்பது. குளிர் மாதங்களில் மூடிய அறைக்குள் கனல் வைத்துத் தூங்கி, காலையில் எழுந்திருக்காமலே போனவர்களைப் பற்றிய செய்திகள் இந்த மலையில் அவ்வப்போது வருகின்றன. கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. துணி காய்கிறதே என்று பச்சைக்குழந்தையையும் அதே அறையில் படுக்க வைப்பது எவ்வளவு பெரிய ஆபத்து! அடுப்பங்கரையில் சமையல் நடக்கும்போது, புகைக்கூண்டும் ஜன்னலும் திறந்திருக்க, எட்ட இருக்கும் கொடியில் போடுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

காசே ஆகாத பழைய வழி

முழுக்கத் துணி, முழுக்க டயப்பர் என்று ஒரு பக்கம் சாய வேண்டியதில்லை. பகலில் வீட்டில் இருக்கும்போது துணி. இரவுத் தூக்கத்துக்கு ஒன்று, பஸ்ஸில் மேட்டுப்பாளையம் இறங்க வேண்டிய நாளில் ஒன்று என்று டயப்பர். நாளுக்கு இரண்டு என்றால் மாதம் 600 ரூபாய். மேலே சொன்ன 2,400 ரூபாயில் 1,800 மிச்சம்.

துணி கட்டுவதில் பலரும் கவனிக்காத லாபம் ஒன்று உண்டு. முதல் சில நாட்கள் கழிந்த பிறகு, நாளுக்கு ஆறு தடவையாவது குழந்தை நன்றாகச் சிறுநீர் கழித்தால் தாய்ப்பால் போதுமான அளவு கிடைக்கிறது என்று மருத்துவர்கள் கணக்கு வைக்கிறார்கள். துணி என்றால் எத்தனை நனைந்தது என்று கையிலேயே தெரியும். உறிஞ்சிக்கொண்டு உலர்ந்தது போல இருக்கும் டயப்பரில் அது தெரிவதில்லை.

இன்னொரு பழக்கமும் நம்மிடம் இருந்தது. தாயோ பாட்டியோ காலை நீட்டி உட்கார்ந்து, பாதங்களுக்கு நடுவே குழந்தையை உட்கார வைத்து 'ஸ்ஸ்ஸ்' என்று ஒலி எழுப்புவார்கள். தூங்கி எழுந்ததும் ஒருமுறை, பால் குடித்த சிறிது நேரத்தில் ஒருமுறை. சில வாரங்களில் குழந்தை அந்த ஒலிக்குப் பழகிவிடும். கழுத்து நிற்காத குழந்தையைத் தலையைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். அடம்பிடித்தால் விட்டுவிட வேண்டும். இன்று மேலை நாடுகளில் இதற்குப் புத்தகம் போட்டு, வகுப்பு வைத்துக் காசு வாங்குகிறார்கள். நம் வீட்டுத் திண்ணையில் இலவசமாக நடந்த பாடம்!

தோட்ட வேலைக்குப் போகும் தாய்மார்களுக்கு இது அவ்வளவு எளிதல்ல என்பதையும் சொல்லத்தான் வேண்டும். காலையில் கொழுந்து எடுக்கப் போனால் குழந்தை காப்பக ஆயாவின் பொறுப்பு. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், 50 பெண்களோ அதற்கு மேலோ வேலை செய்யும் தோட்டத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்றது. எஸ்டேட் வாழ்க்கையில் குழந்தை வளர்ப்பின் பாதி அந்தக் காப்பகத்தில்தான் நடக்கிறது. அங்கே அனுப்பும் பையில் நாலு துணிக்குப் பதில் எட்டுத் துணியும், நனைந்ததைப் போட ஒரு தனிப் பையும் வைத்து அனுப்பினால், ஆயாவும் அலுத்துக்கொள்ளாமல் மாற்றுவார். குழந்தை ஈரத்தில் கிடக்காது.

அரசு மருத்துவமனைப் பிரசவங்களுக்கு 2015ல் தொடங்கப்பட்ட குழந்தைகள் நலப் பரிசுப் பெட்டகத்தில் துண்டு, சட்டை, சிறு படுக்கை, கொசுவலையோடு நாப்கினும் வைக்கப்பட்டது. பிரசவத்துக்குச் சேரும்போது இதைப் பற்றிச் செவிலியரிடம் விசாரித்துக்கொள்வதில் கூச்சம் வேண்டாம்.

சிவந்துபோனால் என்ன தடவலாம்?

டயப்பர் என்றாலும் துணி என்றாலும் தடிப்பு வரக் காரணம் ஒன்றுதான். ஈரத்தில் ஊறிய தோல் மென்மையாகிவிடுகிறது. சிறுநீரும் மலமும் கலந்து அந்தத் தோலை அரிக்கின்றன. துணி உரசியதும் சிவக்கிறது. அதனால் முதல் மருந்து களிம்பு அல்ல, காற்று. நாளுக்கு மூன்று நாலு தடவை, பத்துப் பதினைந்து நிமிடம் எதுவும் கட்டாமல் விட்டாலே பாதி சரியாகும். ஊட்டிக் குளிரில் அது எப்படி என்று கேட்கலாம். மேலே ஸ்வெட்டர், காலுக்குச் சாக்ஸ், அடியில் ரப்பர் ஷீட்டும் துணியும் போட்டு, வெயில் எட்டும் ஜன்னலோரம் படுக்க வைத்தால் போதும்.

துடைக்கக் கடையில் விற்கும் ஈரத்தாள் தேவையில்லை. பிளாஸ்கில் வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு பஞ்சுச் சுருள் அல்லது மெல்லிய துணித் துண்டுகள். தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். பெண் குழந்தைக்கு முன்னிருந்து பின்னாகத் துடைக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் சோப்பு போடுவது தோலை இன்னும் வறட்சியாக்கும்.

வீட்டில் இருப்பவற்றில் தேங்காய் எண்ணெய் பரவாயில்லை. தோலுக்கும் ஈரத்துக்கும் நடுவே ஒரு திரை போல நிற்கும். உலர்ந்த தோலில் மெல்லிசாகத் தடவினால் போதும். தாய்ப்பாலைத் தடவும் பழக்கத்துக்கு ஆராய்ச்சி ஆதரவும் இருக்கிறது. ஈரானில் செய்த ஓர் ஆய்வு 2013ல் வெளியானது. சாதாரணத் தடிப்புக்குத் தாய்ப்பால், 1 சதவிகித ஹைட்ரோகார்டிசோன் களிம்பு அளவுக்கே பலன் தந்தது என்றது அது. அதற்காகத் தாய்ப்பாலே எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று இல்லை. தீவிர சிகிச்சைப் பிரிவுக் குழந்தைகளிடம் செய்த வேறோர் ஆய்வில் துத்தநாக ஆக்சைடு கலந்த களிம்புதான் முந்தியது. அந்தக் களிம்பு மருந்துக் கடையில் கிடைக்கும், சாதாரண பெட்ரோலியம் ஜெல்லியும் கிடைக்கும், விலை அதிகமில்லை. இவற்றை வாங்குவதில் கஞ்சத்தனம் பார்க்க வேண்டாம்.

மூன்று நாளில் குறையவில்லை, தொடை மடிப்புக்குள் பளபளவென்று சிவந்திருக்கிறது, சுற்றிலும் சின்னச் சின்னப் புள்ளிகள் தெறித்திருக்கின்றன என்றால் அது பெரும்பாலும் பூஞ்சைத் தொற்று. தேங்காய் எண்ணெய்க்கு அடங்காது. கொப்புளம், சீழ், காய்ச்சல் இருந்தாலும் மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. கடைக்காரரிடம் "படை மாதிரி இருக்கு" என்று சொன்னால், ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் மூன்றும் கலந்த ஒரு ட்யூபை எடுத்துக் கொடுத்துவிடுவார். இரண்டே நாளில் சிவப்பு மறையும், அம்மாவுக்கு நிம்மதி. ஆனால் கட்டிய துணிக்கு அடியில் வீரியமான ஸ்டீராய்டு சாதாரணத்தைவிட அதிகமாக உடம்புக்குள் இறங்கும். தோல் மெலியும், நிறுத்தியதும் தடிப்பு இன்னும் வேகமாகத் திரும்பும். மருத்துவர் எழுதாமல் அதைத் தொடவே வேண்டாம்.

தொடக்கூடாத வீட்டு மருந்துகள்

நீலகிரி என்றாலே தைலம். ஆஸ்திரேலியாவிலிருந்து 1840களில் இந்த மலைக்கு வந்த யூகலிப்டஸ் மரத்தின் இலையைக் கொட்டகைகளில் பெரிய கொதிகலன்களில் போட்டு வடிப்பதை ஊட்டி வட்டாரத்தில் பார்க்காதவர்கள் குறைவு. சுற்றுலா வருபவர்கள் பாட்டில் பாட்டிலாக வாங்கிப் போகிறார்கள். வீட்டில் ஒரு பாட்டில் எப்போதும் இருக்கும். சளிக்கு ஒரு சொட்டு, தலைவலிக்கு ஒரு சொட்டு, கடைசியில் குழந்தையின் தடிப்புக்கும் ஒரு சொட்டு!

கைக்குழந்தைக்கு அது மருந்தல்ல. சிவந்த தோலில் பட்டால் எரியும். தோல் வழியே உள்ளேயும் போகும். சில மில்லி வாய்க்குள் போனாலே குழந்தைக்கு மயக்கமும் வலிப்பும் வரலாம். தைலத்தால் வந்த வலிப்புகளைப் பற்றி பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியின் நரம்பியல் மருத்துவர்கள் தொடர்ந்து எழுதி எச்சரித்திருக்கிறார்கள். கற்பூரத்தைப் போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெயும் இதே வகைதான். நெஞ்சில் தடவ வைத்த அந்தக் கிண்ணத்தை, 'எண்ணெய்தானே' என்று டயப்பர் பகுதிக்கு எடுத்துவிடாதீர்கள். தைல பாட்டிலைக் குழந்தையின் எண்ணெய் பாட்டில் பக்கத்தில் வைப்பதே தப்பு.

சமையல் சோடாவும் சாதுவானதல்ல. தடிப்புக்கு என்று ஒவ்வொரு துணி மாற்றும்போதும் சோடா உப்பைத் தாராளமாகப் பூசியதில், அமெரிக்காவில் நாலு மாதக் குழந்தையின் ரத்தத்தில் காரத்தன்மை ஏறி ஆபத்தான நிலைக்குப் போனது 1981ல் மருத்துவ இதழில் பதிவானது. வெண்காரத்தைத் தேனில் குழைத்து நாக்கில் தடவுவது, போரிக் பவுடரைத் தடிப்பில் தூவுவது இரண்டும் அதே கதை. போரான் உப்புகள் குழந்தைக்கு வலிப்பைத் தரும். ஒரு வயதுக்கு முன் தேனே கூடாது. வேப்பெண்ணெய் வாய்க்குள் போய் மூளையும் ஈரலும் பாதிக்கப்பட்ட குழந்தைகளைப் பற்றி மலேசிய மருத்துவர்கள் 1981ல் லான்செட் இதழில் எழுதினார்கள். தடிப்புக்குத் தடவினாலும் குழந்தையின் கை அங்கேதான் போகும், அடுத்த நொடி வாய்க்குப் போகும்.

பவுடர்? மாற்றும்போது பறக்கும் தூள் நுரையீரலுக்குப் போகிறது. வாசனையைத் தவிர அதனால் லாபம் இல்லை.

டயப்பரை எங்கே போடுவது?

2000ஆம் ஆண்டு வாக்கில் அப்போதைய ஆட்சியர் சுப்ரியா சாஹு பிளாஸ்டிக்குக்கு எதிராக 'ஆபரேஷன் புளூ மவுண்டன்' இயக்கத்தை நடத்திய மாவட்டம் இது. கடையில் பிளாஸ்டிக் பை கொடுத்தால் அபராதம். ஆனால் பிளாஸ்டிக் மேலுறையும், தண்ணீரை உறிஞ்சி வீங்கும் வேதிப்பொருளும் சேர்ந்த டயப்பர் மட்டும் தேயிலைச் செடிகளுக்கு நடுவிலும் ஓடைக்கரையிலும் கிடக்கிறது. காட்டுப்பன்றியும் நாயும் கிளறுகின்றன. அந்த ஓடைத் தண்ணீர் கீழே இன்னொரு ஊருக்குக் குடிநீர்.

இந்தோனேசியாவில் பயன்படுத்திய டயப்பரை எரித்தால் குழந்தையின் தோல் வெந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை. அதனாலேயே ஜாவாவின் பிரண்டாஸ் ஆறு முழுக்க டயப்பர். நம்மிடம் அப்படி நம்பிக்கை எதுவும் இல்லை, சோம்பல்தான். மலத்தைக் கழிப்பறையில் தட்டிவிட்டு, டயப்பரைச் சுருட்டிச் செய்தித்தாளில் பொதிந்து, தூய்மைப் பணியாளர் கையால் பிரிக்க நேராதபடி தனியாகக் கொடுக்க வேண்டும். நாளுக்கு எட்டு பொட்டலத்துக்குப் பதில் இரண்டு என்றால் அவருக்கும் வேலை குறையும்.

பெட்டியில் இருந்து எடுத்த துணி

அக்கா குழந்தைக்குக் கட்டிய துணி, ஸ்வெட்டர், கம்பளி எல்லாம் தங்கை குழந்தைக்கு வரும். செலவு மிச்சம், பாசமும் கூட. மலையில் ஈரத்துக்கும் பூச்சிக்கும் பயந்து பெட்டிக்குள் பாச்சை உருண்டை போட்டு வைத்திருப்பார்கள். அதில் இருப்பது நாப்தலீன். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைக்கு, அந்த வாடை ஏறிய துணியைப் போர்த்தினாலே ரத்த சிவப்பணுக்கள் உடைந்து கடுமையான மஞ்சள் காமாலை வரலாம். மூளை வரை பாதிப்பு போகும். குழந்தைக்கு அந்தக் குறை இருக்கிறதா என்று பெரும்பாலான வீடுகளில் தெரிந்திருக்காது.

எனவே பெட்டித் துணியைப் பிரசவத்துக்கு ஒரு மாதம் முன்பே எடுத்து, வெயில் அடிக்கும் நாளாகப் பார்த்துத் துவைத்து, இரண்டு மூன்று நாள் வெளியில் காற்றாட விடுங்கள். வாடை துளி இருந்தாலும் மறுபடி துவையுங்கள். எண்ணெய் தடவிய உடம்பில் நாப்தலீன் இன்னும் வேகமாக ஏறும் என்பதால், குளிப்பாட்டி எண்ணெய் தேய்த்த கையோடு அந்தக் கம்பளியில் சுற்ற வேண்டாம். குழந்தையின் கண்ணும் உள்ளங்காலும் மஞ்சளாகத் தெரிந்தால், துணியில் படும் சிறுநீர் கட்டன் டீ நிறத்தில் இருந்தால், பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். போகும்போது, பெட்டியில் பாச்சை உருண்டை இருந்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அடுத்த முறை துணியை மடித்து வைக்கும்போது நன்றாகக் காயவைத்து, உருண்டை எதுவும் போடாமல், இறுக மூடும் டப்பாவில் வைத்தால் போதும்.